ராக்கெட் குச்சிக்கு வளர்த்த மூங்கில்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். மைக்கைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நிலத்தை அளப்பது, லாபநஷ்டம் போடுவது, அறிக்கை தயாரிப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். பணம் போட்டவர் எதிரே உட்கார்ந்து முறைக்கும்போது வாயைத் திறப்பதா மூடுவதா என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். அதைச் சொல்கிறேன்.

என் பெயர் ஜமீலா. விருதுநகர்க்காரி. அத்தாவுக்குப் பருப்பு வியாபாரம். சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட விலை பேசும் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், பஜாரில் ஓர் எண்ணெய்க் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சின்ன முதலீட்டுக் கம்பெனியில் கள அலுவலராகச் சேர்ந்தேன். ஊர் வியாபாரிகளிடம் பங்கு சேர்த்து, காட்டை அழிக்காமல் நடக்கக்கூடிய தொழில்களில் அந்தப் பணத்தைப் போடுவது கம்பெனியின் வேலை. நன்கொடை இல்லை, லாபம் கொடுத்தாக வேண்டும். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "விருதுநகர்ல எங்கனம்மா காடு இருக்கு? சீமைக் கருவேலந்தான் இருக்கு, அதையா காப்பாத்தப் போற?" என்று என் சொந்த மாமாவே கேட்டார்.

காடு இங்கே இல்லைதான். ஆனால் காட்டைத் தின்கிற வாய் இங்கே இருந்தது. தீபாவளி ராக்கெட்டுக்கு அடியில் ஒரு குச்சி இருக்கிறதே, அது மூங்கில். அது மேற்கே மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து லாரி லாரியாக வந்தது. அது மழை விடாமல் பெய்கிற காடு, ஆனையும் மானும் திரிகிற இடம். அங்கிருந்து வெட்டி வந்து இங்கே சீவி, மேலே போய்க் கருகுவதற்கு அனுப்பினோம். இதை யோசித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை.

அதனால் காரியாபட்டிப் பக்கம், கிணற்றில் தண்ணீர் உள்ள விவசாயிகளைத் தேடிப்பிடித்து மூங்கில் வைக்கச் சொன்னோம். கன்றும் பராமரிப்புச் செலவும் எங்களுடையவை. குச்சி சீவும் பட்டறை ஒன்றும் போட்டுக் கொடுத்தோம். நிபந்தனை ஒன்றுதான். நாலாவது மழைக்காலம் முடியும் வரை யாரும் கத்தி வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் முற்றிய கழிகளை மட்டும் தேர்ந்து வெட்ட வேண்டும், இளசை விட வேண்டும். ஒட்ட வெட்டினால் புதர் பட்டுப் போகும், திரும்ப எழும்பாது.

முதலில் ஒத்துக்கொண்டவள் சண்முகத்தாய். புருஷன் திருப்பூருக்குப் போனவன், பணமும் அனுப்பவில்லை, ஆளும் வரவில்லை. பருத்தி போட்டுக்கொண்டிருந்த நிலத்தை முழுக்க மூங்கிலுக்கு விட்டாள். ஊரே கேலி பேசியது. "பாடை கட்டவா மூங்கி வைக்க?" என்று கேட்டவனை அவள் வைத வசவை இங்கே எழுத முடியாது. அவள் விட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் விட்டார்கள்.

இனி எங்கள் பெரிய பங்குதாரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி. பெயர் வேண்டாம், எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். எங்கள் பணத்தில் பாதிக்கு மேல் அவருடையது. சீவுகிற குச்சியை வாங்கிக்கொள்வதாக ஏற்றிருந்தவரும் அவர்தான். நல்ல மனிதர். பொய் சொன்னால்கூட முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

மூன்றாவது வருடம் ஆவணி மாதம். காட்டில் மூங்கில் வெட்டக் கெடுபிடி அதிகமாகி, மலையைத் தாண்டி வரும் லாரிகள் நின்றுவிட்டன. சிவகாசி, சாத்தூர் வட்டாரம் முழுக்க ராக்கெட் குச்சிக்குத் தட்டுப்பாடு. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கார் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றது.

"காரியாபட்டி மூங்கில் எல்லாத்தையும் வெட்டச் சொல்லு தாயி. நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்றார், உட்காருவதற்கு முன்னாலேயே.

"இன்னும் முத்தல அண்ணாச்சி. அடுத்த வருசம்தான்."

"அடுத்த வருசமா? எனக்கு ராக்கெட் இந்தத் தீபாவளிக்கு வேணும். நம்ம பணத்துல வளந்த மூங்கில் நமக்கு ஆகலைன்னா வேற எதுக்கு ஆகும்?"

இதில் அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பட்டாசுக்காரர் மனசு எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு வருடம் தீபாவளிக்கு மறுநாள் பிறந்து அடுத்த தீபாவளியன்று சாகிறது. தீபாவளிக்குள் கடைக்குப் போய்ச் சேராத லோடு குப்பைக்குச் சமம். பணம் போட்டால் அந்த சீசனுக்குள் திரும்பிவிட வேண்டும். இதே கண்ணோடுதான் மூங்கிலையும் பார்த்தார்கள். அரிசியைப் போட்டுவிட்டு உலை கொதிப்பதற்குள் இலை விரிக்கிற அவசரம். நான்கு வருடம் என்று நாங்கள் முதல் நாளே சொன்னபோது எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. நீங்களும் ஒரு தொழிலில் பணம் போடச் சொல்வதற்கு முன்னால், போடுகிறவருக்குப் பழகிய வருடம் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அதைப் பார்க்காவிட்டால் ஒரு நாள் அரிவாளோடு வந்து நிற்பார்கள்.

"முடியாதுன்னா சொல்லிரு" என்றார் அண்ணாச்சி, எழுந்துகொண்டே. "தீபாவளிக் கணக்கு முடிக்கையில என் பங்கைப் பிரிச்சுக்கிடுறேன்."

அவர் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். படித்தவர், காட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அவர் போனா இந்த ஆபீஸுக்குப் பூட்டுதாம்மா. வெட்டிக் குடுத்துருவோம். மறுபடி நட்டுக்கலாம்" என்றார்.

"யாரு சார் மறுபடி நடுவா? ஒரு தடவ நம்மள நம்புனவுக அடுத்த தடவ நாய அவுத்து விடுவாக" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது சம்மதமா கோபமா என்று நான் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு காரியாபட்டி பஸ் ஏறிவிட்டேன்.

செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. அண்ணாச்சியின் ஆள் ஒருவன் வந்து எல்லாரிடமும் ஆசை காட்டிவிட்டுப் போயிருக்கிறான். சண்முகத்தாய் மூங்கில் கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். கழிகள் அவள் தலைக்கு மேலே நல்ல உயரம் போயிருந்தன. பார்க்க முற்றியது மாதிரிதான் இருக்கும். மூங்கில் அப்படித்தான், சீக்கிரம் வளர்ந்துவிட்டு உள்ளே பச்சையாகவே இருக்கும்.

"வாங்க. சாப்பிட்டீகளா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன், பொய்.

"வெட்டச் சொல்லி ஆளு வந்தான். ஏழெட்டுப் பேரு சரின்னுட்டாக. நான் ஒண்ணும் சொல்லல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீங்க சொன்னீகன்னு வச்சேன். நீங்க சொன்னா வெட்டுறேன். வேற எந்த அண்ணாச்சி சொன்னாலும் வெட்ட மாட்டேன். ஆனா அந்த வார்த்தைய உங்க வாயால வந்து சொல்லணும். மேனேஜர் சொன்னாரு, கம்பெனி சொல்லிச்சுன்னு வரக்கூடாது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தாலும் தேவலை. ஒரு மனுஷியின் சோறு முழுவதையும் என் நாக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது, உண்மையைச் சொல்கிறேன். "ஒரு வாரம் பொறு. யாரு வந்தாலும் உள்ள விடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அண்ணாச்சியிடம் காடு, மழை, ஆனை என்று பேசிப் பிரயோசனமில்லை. இளசு வெட்டினால் புதர் சாகும் என்றாலும் கேட்க மாட்டார், அது அடுத்த வருடத்துக் கவலை. அவருக்குப் புரிகிற பாஷை ராக்கெட். அதனால் மறுநாள் அச்சங்குளம் போய் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எங்க நாத்துப் பண்ணையில அதே மழையில வச்ச மூங்கில் இருக்கு. ஒரு புதர வெட்டிச் சீவிக் காயவச்சுக் கொண்டாறேன். உங்க ராக்கெட்டுல கட்டி, உங்க கண் முன்னால விட்டுப் பாருங்க. நல்லாப் போச்சுன்னா நானே ஆளக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் வெட்டித் தாறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அதுவரைக்கும் காரியாபட்டிக்கு ஆள் அனுப்பாதீக."

இப்படி வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, எனக்கே நிச்சயம் இல்லை. இளங்கழியில் சீவிய குச்சி காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். முறுக்கிய குச்சி ராக்கெட்டை என்ன செய்யும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

நாலைந்து நாளில் குச்சி காய்ந்தது. அவருடைய பட்டாசுக் கம்பெனிக்குத் தள்ளி ஒரு பொட்டல். பட்டாசு சோதித்துப் பார்க்கிற இடம். வெயில் சாயும் நேரம். அண்ணாச்சி, அவருடைய போர்மேன், நான். தண்ணீர் வாளியும் மணலும் தயாராக வைத்திருந்தார்கள். போர்மேன் முதல் ராக்கெட்டை நட்டுத் திரியைப் பற்றவைத்தார். சர்ரென்று நேரே மேலே போய் வெடித்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். "முத்தல முத்தலன்னியே, ஜோராப் போகுதே!"

இரண்டாவதும் நேரே போனது. யா அல்லா, சண்முகத்தாய் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த இடத்திலேயே ஏதாவது சாக்குச் சொல்லிச் சோதனையை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வாயை இறுக மூடிக்கொண்டேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

மூன்றாவது, கிளம்பின வேகத்தில் ஆளுயரம் போய்ப் பக்கவாட்டில் திரும்பியது. தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு கருவேலம் புதருக்குள் புகுந்து வெடித்தது. காய்ந்த புல் பற்றிக்கொண்டது. போர்மேன் வாளியோடு ஓடினார். நானும் செருப்பால் மிதித்து அணைத்தேன். அண்ணாச்சி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அணைத்துவிட்டு வந்து, மிச்சமிருந்ததையும் விட்டுப் பார்த்தோம். சில நேரே போயின. சில வளைந்தன. ஒன்று திரும்பி எங்கள் பக்கமே வந்து விழுந்தது.

"பாதிக்கு மேல ஒழுங்காத்தானே போச்சு மொதலாளி" என்றார் போர்மேன், மெதுவாக.

"மிச்சம் எந்த ஊருக்குப் போகும்? எந்தக் கூரை மேல விழும்? அதை டப்பாவுல எழுதி ஒட்டுவீகளா?" என்று கேட்டேன்.

ராக்கெட் தப்பிப் போனால் என்ன ஆகும் என்று அண்ணாச்சிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் தீ என்ற வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்கிறவர்கள் கிடையாது. "அந்த மூங்கில் வேணாம்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை முழுசாக விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"காட்டுச் சரக்குதான் வழி. மலைக்கு அந்தாண்ட ஒருத்தன் இருக்கான். திருட்டுத்தனமா வெட்டி, பட்டா நிலத்துச் சரக்குன்னு அனுப்பி வைப்பான். வெல கூடக் கேப்பான், குடுத்துற வேண்டியதுதான்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் வேலை அதோடு முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். சண்முகத்தாய் மூங்கில் தப்பியது, பெரிய பங்குதாரர் கோபித்துக்கொள்ளவில்லை, மேனேஜர் பாராட்டியிருப்பார். அண்ணாச்சி தன் பட்டாசுக் கம்பெனிக்கு எங்கே மூங்கில் வாங்குகிறார் என்பது எங்கள் கணக்கில் வராது. ஆனால் எந்தக் காட்டில் கத்தி விழக் கூடாது என்று கம்பெனி ஆரம்பித்தோமோ, அதே காட்டுக்கு எங்கள் பங்குதாரரே கத்தி அனுப்புகிறார். இதற்குத் தலையாட்டிவிட்டால் அப்புறம் நாங்கள் விற்பது வெறும் பேச்சுத்தானே? எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அப்ப உங்க பங்கப் பிரிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"என்ன சொன்ன?"

"தீபாவளி வரைக்கும் எதுக்கு? நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வாங்க. பிரிச்சுத் தரச் சொல்றேன். காட்ட வெட்டுறவரு பணம் எங்ககிட்ட இருக்க வேணாம்."

மேனேஜரைக் கேட்காமல், யாரையும் கேட்காமல், கம்பெனியின் பாதி உயிரைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி சரி என்று சொல்லியிருந்தால் அடுத்த வாரம் நான் வேறு வேலை தேடியிருப்பேன். காரியாபட்டியில் மூங்கில் வைத்த அத்தனை பேரும் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். அது தெரியும். இன்னொன்றும் தெரியும். தீபாவளிக்கு முன்னால் எங்கள் பஜாரில் யாரும் போட்ட முதலைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்தால் ஆள் முங்கிக்கொண்டிருக்கிறான், கைக்காசுக்கு அலைகிறான் என்று அர்த்தம். மதியத்துக்குள் ஊர் பூராவும் பரவும். சாயங்காலம் அவருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்த காகிதக்காரர், வெடிமருந்துக்காரர் எல்லாரும் வாசலில் வந்து நிற்பார்கள். இதெல்லாம் தெரியாமல் பேசினேன் என்று நடிக்க மாட்டேன். பருப்பு வியாபாரி மகள் நான்.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. "என்னையவே மெரட்டுறியா?"

"மெரட்டல அண்ணாச்சி. நீங்க வந்தா மனசாரப் பிரிச்சுத் தருவோம். வந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான்."

போர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி கருகின புல் வரைக்கும் நடந்து போனார். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் திரும்பி வந்து, "அடுத்த வருசம் வந்துருமா?" என்றார்.

"வரும். முத்தினது மட்டும் வரும்."

"எனக்கு வேணுங்கிற அம்புட்டும் கெடைக்குமா?"

"கெடைக்காது."

"எம்புட்டுக் கெடைக்கும்?"

"தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்ச மாதிரி சொல்லச் சொல்றீகளா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வடக்கே ஒரு வியாபாரியைக் கூப்பிட்டார். அவருக்கு இந்தி அரைகுறை. "சேட்ஜி, ராக்கெட் நஹி. இந்த வருசம் நஹி. நஹின்னா நஹிதான்!" என்று கத்தினார். அந்தப் பக்கத்துக் கூச்சல் எனக்கே கேட்டது. புஸ்வாணமும் சக்கரமும் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"முப்பது வருசத்துல பிடிச்ச ஆர்டர இல்லன்னு சொன்னது இதான் மொதத் தடவ" என்றார். "நல்லாவே இல்ல." அப்புறம் காரை நோக்கி நடந்துகொண்டே, "உன் புருசன் பாவம்" என்றார்.

பங்கைப் பிரிக்க அவர் வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவருக்கு நல்ல அடி விழுந்தது, அதை மறைக்க மாட்டேன். சேட் அடுத்த வருடமும் அவரிடம் சரக்கு எடுக்கவில்லை. மேனேஜர் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எதற்கெடுத்தாலும் பங்குதாரரிடம் பங்கைப் பிரித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், பைத்தியம் என்பார்கள். ஆனால் காட்டைக் காக்கும் தொழிலுக்குப் பணம் கேட்டு வாங்குகிறவர், அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஓர் இடத்தை முதலிலேயே தனக்குள் முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு யோசித்தால் பயம்தான் பேசும், நீங்கள் பேச மாட்டீர்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காரியாபட்டி போனேன். சண்முகத்தாய் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தாள். மூங்கில் புதர்களின் அடியில் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. இலைகள் சுருள ஆரம்பித்திருந்தன.

"தண்ணி பாய்ச்சலையா?" என்றேன், பதறிப்போய்.

"வெட்டப் போற மூங்கிக்கு எதுக்குத் தண்ணி? கெணத்துல கெடந்தாலாவது அடுத்த வெள்ளாமைக்கு ஆகும்னு நிறுத்திட்டேன்." கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சொல்லுங்க. வெட்டவா?"

"வெட்ட வேணாம் தாயி."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தோஷமும் படவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டாள். தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. கொல்லை நடுவில் நின்று சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதேன்.

சண்முகத்தாய் மண்வெட்டியோடு திரும்பி வந்தாள்.

"அழுறத அங்கிட்டு நின்னு அழுங்க. வாய்க்கால மறிச்சுக்கிட்டு நிக்கிறீக, தண்ணி வருது" என்றாள்.